வெறுங்காலோடு ஓட்டிய அக்கா

அந்த அக்கா செருப்புப் போட்டுக்கொண்டு கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்து, இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு செருப்பையும் கழற்றி ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்ப்பார். அவற்றை என் காலடியில் வைத்த பிறகுதான் தன் காலை உள்ளே இழுப்பார். இடையில் ரப்பர் இருந்தால் ஆக்சிலேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று காலுக்குத் தெரியாது என்பார்.

"வண்டிக்கு மைலேஜ் கிடையாது, மக்கா. காலுக்காக்கும் மைலேஜ்."

இதை அவர் சொல்லாத வாரம் இல்லை. தெருவில் யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் நிறத்தையும் பார்க்க மாட்டார், பாட்டுக் கேட்கும் பெட்டியையும் பார்க்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கிலோமீட்டர் போய்விட்டு வந்து ஒரு எண்ணைச் சொல்வார். கடைக்காரன் இருபத்திரண்டு தரும் என்று சொல்லி விற்ற வண்டிக்கு, "உனக்க காலுக்குப் பதிமூணு" என்பார். வாங்கியவனுக்கு முகம் சுருங்கும். மூன்று மாதம் கழித்து அவனே வந்து பதிமூன்றரை என்று ஒப்புக்கொள்வான்.

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் இடுப்பளவு மதில். அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். நான் அதே ஊரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஐம்பது தாண்டிய பிறகு லைசென்ஸ் எடுத்து, மூன்று சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினார். வாங்கிய மறுநாளிலிருந்து காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அப்படி நாலு வருடம் அந்த முன் இருக்கையில் இருந்திருக்கிறேன்.

பரிசோதனைக்கூடத்து வேலைதான் அவரை அப்படி ஆக்கியது என்று அப்பா சொல்வார். சீனி தொடவே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்களாம், கண்ணாடிக் குழாயில் வேறொன்று கிடக்குமாம். அதனால் மனிதர் வாயால் சொல்கிற எதையும் அக்கா முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டியின் திரை சொல்வதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். திரையில் இருபத்தொன்று என்று வந்தால் பத்தொன்பதரை என்று படிக்க வேண்டும். நம்மைச் சந்தோஷப்படுத்த அது ஒன்றரை கூட்டிச் சொல்கிறது என்பார். அவருக்கு டேங்க் நிறைத்து, ஓட்டி, மறுபடி நிறைத்துப் பார்க்கிற கணக்கு ஒன்றுதான் கணக்கு. அதற்கும் ஒரே பம்பு, ஒரே குழாய். அங்கே தரை சமமாக இருந்தது. நாஸில் டக்கென்று தானாக நின்றதும் போதும் என்று கையைக் காட்டிவிடுவார். ஊழியர் இன்னும் கொஞ்சம் ஊற்றப் பார்த்தால் கோபம் வரும். எத்தனால் கூடுதலாகக் கலந்த பெட்ரோல் வந்தபோது, பேப்பரில் வரும் முன்பே எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. என்னமோ மாறியிருக்கிறது, ஒன்றே கால் குறைகிறது என்று அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டார்.

கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நின்றது அப்பா.

அப்பா ரெவின்யூவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஒரு முறை அடைப்பு வந்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வெளியே போவது குறைந்துபோனது. மாலையில் அக்கா வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் மதிலருகே போய் நிற்பார். "இண்ணைக்கு எத்தனை?" என்பார். அக்கா எண்ணைச் சொல்வார். அப்பா அதற்கு ஏதாவது மறுப்புச் சொல்வார். கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தில் ஒரு எண் இருக்கும்போது இவர் வேறு எண் சொல்வது அரசு உத்தரவை மீறுவதுபோல அவருக்குப் பட்டது.

"அவன் பொய் சொல்லல்ல, சார். ரூமுக்குள்ள உருளைக்கு மேல நிறுத்தி ஓட்டிப் பாத்திருக்கான். அங்க அமரவிளை பாலம் உண்டா, முன்னால நிக்கிற பஸ் உண்டா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சிலிருந்து வந்ததும் அப்பாவையும் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வெள்ளறடைக்குப் போனார். முதலில் அவர் பாணியில். ஏற்றம் வருவதற்கு முன்பே வேகத்தைக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு, இறக்கத்தில் கியரை விடாமல் காலை மட்டும் எடுத்துவிட்டு. முன்னால் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு ஒதுங்குகிறது என்றால் அதைத் தூரத்திலேயே கண்டு காலைத் தூக்கிவிடுவார். பிரேக் பிடிக்க வேண்டிய தேவையே வராது. நாங்கள் தண்ணீரில் போவதுபோலப் போனோம். அப்புறம் அதே வழியை இளவட்டப் பையன்கள் ஓட்டுவதுபோல விரட்டிக் காட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மொத்தத்தில் ஐந்து நிமிடம்தான் மிச்சமானது. இந்த ஐந்து நிமிடத்தை வைத்துப் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். குழாய் வைத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. நான் குளித்துவிட்டு வந்தபோது அப்பா குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மா என் பெயரைக் கூப்பிட்ட சத்தத்தில் அக்கா வந்துவிட்டார். போன் செய்தோம், ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடமாகும் என்றார்கள். அப்பா பேசினார். நெய்யாற்றின்கரைக்கே போவோம், என்னுடைய ஃபைல் அங்கேதான் இருக்கிறது என்றார். அவரே எழுந்து நடந்து வந்து பின் இருக்கையில் படுத்தார். தலை அம்மா மடியில். நான் முன்னால் ஏறினேன்.

அக்கா கதவைத் திறந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினார். அன்றைக்கும் இரண்டையும் தட்டினார். அதைத் தட்டுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஹார்ன் அடித்தார். லைட்டைப் போட்டார். ஒதுங்க மறுத்த ஒரு லாரிக்காரனை ஜன்னல் வழியாகக் கைகாட்டிக் கெஞ்சினார். வேகமாகப் போகிறோம் என்றுதான் எனக்கும் தோன்றியது. உதியன்குளங்கரையில் ஸ்கூல் பஸ்கள் நின்றன. அதைத் தாண்டி, அமரவிளை பாலத்துக்கு முன் ரோடு இறங்கும் இடத்தில், எதேச்சையாகக் கீழே பார்த்தேன். அக்காவின் வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு மேலே எழும்பியிருந்தது. விரல்கள் விரிந்து காற்றில் நின்றன. வண்டி சத்தமில்லாமல் இறக்கத்தில் தானாக ஓடிற்று. முன்னால் ரோடு காலியாக இருந்தது. மிதியுங்கள் அக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்பாவை இறக்கினார்கள். அக்கா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியதும், எப்போதும் வருவதுபோலத் திரையில் அந்தப் பயணத்தின் விவரம் வந்தது. பதினொரு கிலோமீட்டர். இருபத்தாறு நிமிடம். லிட்டருக்குப் பதினெட்டுப் புள்ளி ஆறு. நானும் அதைப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்ததையும் பார்த்தேன்.

உள்ளே போய்ப் பத்து நிமிடத்துக்குள் டாக்டர் வெளியே வந்தார். கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அது எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அக்கா என் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

அண்ணன் துபாயிலிருந்து மறுநாள் வந்தான். வீடு நிறைய ஆட்கள். அழுது ஓய்ந்தபிறகு யார் கொண்டுபோனது என்று கேட்டான். சொன்னார்கள்.

"அவங்களா? மைலேஜ் பாத்து ஓட்டியிருப்பாங்க."

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அக்கா அப்போது கஞ்சிப் பாத்திரத்தோடு அடுக்களை வாசலில் நின்றார். பாத்திரத்தைக் கீழே வைத்தார். பரிமாறுகிற கரண்டியைத் தேடி எடுத்து அதற்கு மேல் வைத்தார். அப்புறம்தான் போனார்.

அடியந்திரச் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு ஒரு நாள் மதிலருகே என்னைக் கூப்பிட்டார். அப்பா நிற்கும் இடத்தில் நான் நின்றேன்.

"ஒண்ணு கேக்கட்டா, மக்கா? விரட்டி ஓட்டின வண்டி பதினெட்டு தராது. பன்னிரண்டு தரும், கூடிப்போனா பதிமூணு. நீ பக்கத்தில இருந்தே. பாலத்துக்கு முன்ன இறக்கத்தில நான் காலை எடுத்தேனா?"

அவர் முகம் மூன்று வாரத்தில் பாதியாகியிருந்தது.

"இல்லக்கா. மிதிச்சுத்தான் போனீங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவர் என்னைக் கூட்டிக்கொள்ளவில்லை. தனியாகப் போனார். நாலாவது செவ்வாய் என்னிடம் வந்து, இன்றைக்கு ஒரு தடவை கூட வா, அன்றைக்கு இருந்த இடத்தில் இரு, எடை சரியாக வர வேண்டும் என்றார். எதற்கென்று கேட்காமல் ஏறினேன். ஏறியபிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். இருக்கையில் அரிசிச் சாக்குகள் கிடந்தன. ஒன்று நிமிர்த்தி வைத்திருந்தது. மற்றது நீளவாட்டில் அதன்மேல் சாய்ந்து கிடந்தது. கீழே உருளாமலிருக்கக் குறுக்கே சீட் பெல்ட் போட்டிருந்தார். அப்பாவின் எடை அவருக்குத் தெரியும். மாதாமாதம் ரத்தம் எடுக்கும்போது பார்த்து வைத்திருந்தார்.

அதே நேரம், அதே ரோடு. அவர் மிதித்தார். எஞ்சின் அலறுவதை அந்த வண்டியில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. உதியன்குளங்கரையில் ஒரு ஆட்டோவை உரசிக்கொண்டு போனோம். பின்னால் சாக்கு பெல்ட்டில் இழுபட்டு முனகுவதுபோல ஒரு சத்தம். போதும் அக்கா, நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. இறக்கத்தில் அவர் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினார். காவலாளி ஸ்ட்ரெச்சர் வேண்டுமா என்று ஓடிவந்தார்.

திரையில் இருபத்திரண்டு நிமிடம். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"நாலு செவ்வாயும் இதுதான். இருபத்திரண்டு, இருபத்திரண்டரை," என்றார் அக்கா. "நாலு நிமிஷம், மக்கா. நாலு நிமிஷத்தை நான் எடுத்துட்டேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. விடை கிடைத்த மனிதரின் அமைதி அவர் முகத்தில் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் வண்டியை விற்றார். வாங்க வந்தவன் எவ்வளவு தரும் என்று கேட்டானாம், எனக்குத் தெரியாது என்று சொன்னாராம். பஸ்ஸில் வேலைக்குப் போனார். வருடம் முடிவதற்குள் வேலையையும் விட்டுவிட்டுக் காஞ்சிரங்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. அவர்களிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது.

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் நானும் அம்மாவும் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தோம். அக்காவைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அந்த அரிசிச் சாக்கைப் பற்றி அதுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அம்மாவின் கத்தி நின்றது.

"எதுக்கு அவ அந்தப் பாடு படணும்?" என்றார் அம்மா. பிறகு கிழங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். உதியன்குளங்கரையில் ஸ்கூல் பஸ்களைத் தாண்டியபோது அப்பாவின் கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. தாண்டியதும் விட்டுவிட்டது. அம்மா அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நாங்கள் பாலத்துக்கே இன்னும் வரவில்லை.

"ஏம்மா அப்பமே சொல்லல்ல?"

"சொன்னா அவ வண்டியை நிறுத்திப்போடுவா. நிறுத்திட்டா அது நெஜமாயிரும்."

அண்ணன் அப்படிப் பேசியபோதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சொன்னார். அன்று விடிந்த உடனே அப்பாவுக்கு நெஞ்சில் வலி தொடங்கியிருக்கிறது. வாயுவாக இருக்கும், பிள்ளையை எழுப்பாதே என்று அப்பா சொன்னாராம். அம்மா பெருங்காயம் கலக்கி வெந்நீர் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் தேவலை என்றாராம். அப்படியே நான் குளித்துவிட்டு வரும்வரை போயிருக்கிறது.

"அவ நாலு நிமிஷத்தைத் தேடிட்டு நடந்தா. எனக்க கையில ஒண்ணரை மணிக்கூர் இருந்து, மக்கா." பிறகு சொன்னார். "நீ போய் அவகிட்டச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

அந்த ஞாயிறு பஸ் ஏறிக் காஞ்சிரங்குளம் போனேன். அக்கா தங்கை வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கன்னத்தைத் தொட்டார். சாயா போட்டுத் தந்தார். அம்மா எப்படி இருக்கிறாள், கால்முட்டு வலி உண்டா என்று விசாரித்தார். நான் அப்பாவின் கை விட்டுப்போன விஷயத்தைச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். ஸ்கூல் பஸ்களைத் தாண்டியதும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ரோட்டில் ஒரு தடவை போய்வந்தார்.

"அது பதினோராவது நிமிஷம்" என்றார்.

"ஆமாக்கா. பாலத்துக்கு முன்னாடியே. நீங்க எப்படி ஓட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. ஒரு நொடிதான். பிறகு என்னைப் பார்த்தார். பரிசோதனைக்கூடத்தில் சத்தியம் செய்கிறவர்களை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று அன்றுதான் தெரிந்தது. கோபமில்லை. இரக்கம்தான் இருந்தது.

"அண்ணைக்கு மதிலுக்குப் பக்கம் நான் கேட்டப்பம், காலை எடுக்கல்லண்ணு நீ சொன்னே. எடுத்தேன், மக்கா. எனக்கு நல்லாத் தெரியும். நீயும் கண்டே. எனக்கு வலிக்காம இருக்கணும்னு அப்படிச் சொன்னே. இண்ணைக்கும் அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கே."

இல்லை அக்கா, இது அம்மா சொன்னது என்றேன். அம்மாவும் பாவம், என்னைத் தேற்ற வேண்டும் என்று சொல்லியிருப்பாள் என்றார்.

அம்மாவின் ஒன்றரை மணி நேரத்தை அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் நம்பியிருப்பார். இன்னொருத்தியைத் தேற்றுவதற்காக எந்தப் பெண்ணும் தன் தலையில் அவ்வளவு பெரிய குற்றத்தை ஏற்றிக்கொள்ள மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சொல் என் வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கண்கள் அப்படியே திரும்பி, கிழங்கு வெட்டிக்கொண்டிருக்கும் என் அம்மாவைப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. சாயாவைக் குடித்தேன். பஸ் நிறுத்தம்வரை அவர் கூட வந்தார். அடிக்கடி வா என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றார்.

"எல்லாம் சொன்னியா?"

"எல்லாம் சொன்னேம்மா" என்றேன்.

"என்ன சொன்னா?"

"உங்களுக்கு முட்டு வலி உண்டாண்ணு கேட்டாங்க."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, அக்காவின் பெயரைச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார்.